தொண்ணூற்றைந்து சதவீதத் தூய்மை

சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத பிளாஸ்டிக் குப்பி. அடியில் ஒரு துளி, பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். குப்பியைச் சுற்றி ஒட்டிய சீட்டைப் படிக்க எனக்குக் கண்ணாடி வேண்டும். மனித இதயத் தசைப் புரதம் என்கிறது முதல் வரி. ஈ. கோலி பாக்டீரியாவில் உண்டாக்கியது என்கிறது அடுத்த வரி. பிறகு, தூய்மை 95 சதவீதத்துக்கு மேல். கடைசியில் ஓர் எச்சரிக்கை: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்குப் பயன்படுத்தக் கூடாது.

மனிதருடையது, ஆனால் மனிதருக்கு ஆகாது! வேடிக்கைதான். ஆனால் அதில் மர்மம் ஒன்றுமில்லை. மருந்துக்கு உரிய சோதனைகளைத் தாண்டி வராத பொருளுக்கு இப்படித்தான் சீட்டு ஒட்டுவார்கள். என்னை நிறுத்தியது மூன்றாவது வரி. நம் ஊரில் தூய்மைக்கு யாரும் சதவீதம் போட்டதில்லை. சுத்த சைவம், கலப்பில்லாத குலம், அப்பழுக்கற்ற பரம்பரை என்று நூற்றுக்கு நூறுதான் பேசுவோம். அளந்து பார்த்த ஆய்வகம் மட்டும் அடக்கமாக 95 என்று எழுதுகிறது.

நான் இருப்பது ஹடப்சரில். புனேயின் கிழக்கு ஓரம், சோலாப்பூர் நெடுஞ்சாலை. ஒரு பக்கம் காய்கறி மண்டியின் கொத்தமல்லி வாசனை. இன்னொரு பக்கம், கரும்பு விளைந்த நிலத்தை அதன் சொந்தக்கார விவசாயிகளே ஒன்று சேர்த்துக் கட்டி எழுப்பிய மகர்பட்டா. சற்றுத் தள்ளி, தடுப்பூசி தயாரிக்கும் சீரம் இன்ஸ்டிட்யூட். எங்கள் குடியிருப்பில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். நகரத்தின் மறுகோடியில் உள்ள ஓர் ஆய்வகத்தில் புரதங்களோடு மல்லுக்கட்டும் வேலை. இந்தக் குப்பிகளைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தது அவள்தான்.

இதயத் தசைப் புரதம் என்றால் ஒன்றல்ல, பல. அவற்றில் ஊரறிந்தது டிரோபோனின். 1960களில் டோக்கியோவில் செட்சுரோ எபாஷியும் அயாகோ கொடாமாவும் கண்டுபிடித்தது. கால்சியம் வரும்வரை தசையைச் சுருங்க விடாமல் பிடித்து வைப்பதும், வந்ததும் விடுவதும் அதன் வேலை. ஒவ்வொரு துடிப்புக்கும் இது நடந்தாக வேண்டும். இதயத் தசை செத்தால் இந்தப் புரதம் கசிந்து ரத்தத்தில் கலக்கும். அதை அளந்தே மாரடைப்பைக் கண்டுபிடிக்கலாம் என்று 1980களின் கடைசியில் ஜெர்மனியின் ஹூகோ காட்டுஸ் குழு உள்ளிட்டவர்கள் காட்டினார்கள். இன்று ஹடப்சரில் நெஞ்சுவலி என்று ஒருவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தால், ஈ.சி.ஜி.யோடு கூடவே டிரோபோனினுக்கும் ரத்தம் எடுக்கிறார்கள். அரைமணியோ ஒரு மணியோ கழித்து ஓர் எண் வரும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் வெளியே நிற்கும் மகனிடம் பேசுவார்.

எந்த எண்ணுக்கும் ஓர் அளவுகோல் வேண்டுமே. டிரோபோனினைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளைத் தேர்ந்தெடுக்க, கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, இவ்வளவு புரதம் இருந்தால் இவ்வளவு சமிக்ஞை என்று கோடு கிழிக்க, சுத்தமான இதயப் புரதம் தேவை. ஆரம்பத்தில் அதற்கு இறந்தவர்களின் இதயங்களிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். பிணவறையில் கிடைக்கும் இதயத்தை நம்பி எத்தனை நாள் ஆய்வகம் நடத்த முடியும்? 1973இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் ஓர் உயிரின் மரபணுத் துண்டை பாக்டீரியாவுக்குள் வைத்துப் பெருக்கும் வழியைக் காட்டிய பிறகு அந்தத் தட்டுப்பாடு தீர்ந்தது. 1982இல் பாக்டீரியாவில் விளைந்த மனித இன்சுலின் கடைக்கு வந்தது. இதயப் புரதங்களும் அதே வழியில் வந்தன.

செய்முறையைச் சொல்கிறேன். இதயத் தசையில் கிடைக்கும் மரபுச் செய்தியிலிருந்து டி.என்.ஏ. நகல் எடுத்து, அதை ஒரு சிறு வளையத்தில் பொருத்தி, பாக்டீரியாவுக்குள் செலுத்துகிறார்கள். குடுவையில் சத்து நீர் ஊற்றி, 37 டிகிரி வெப்பத்தில் குலுக்கிக்கொண்டே வளர்க்கிறார்கள். கலங்கி வரும்போது ஒரு வேதிப்பொருளைத் துளி சேர்த்தால், பாக்டீரியா தன் வேலையைக் குறைத்துக்கொண்டு நம் புரதத்தைத் தயாரிக்கத் தொடங்கும். சில மணி நேரம் கழித்துக் குடுவையைச் சுழற்றி, செல்களை உடைத்து, கிடைக்கும் குழம்பை நிக்கல் ஏற்றிய மணிகள் நிறைந்த குழாய் வழியாக விடுகிறார்கள். புரதத்தின் ஒரு முனையில் முன்பே கோத்து வைத்த ஆறு ஹிஸ்டிடின்கள் நிக்கலைப் பற்றிக்கொள்ளும். மற்றவை வழிந்து போகும். பிறகு பற்றியதைக் கழற்றி எடுக்க வேண்டியதுதான்.

எடுத்தது சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க ஜெல் ஓட்டுவார்கள். உள்ளங்கை அகல ஜெல் பலகை, மேல் விளிம்பில் வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றிலும் கொதிக்க வைத்த ஒரு துளி. மின்சாரம் பாய்ந்தால் சின்னப் புரதங்கள் வேகமாகவும் பெரியவை மெதுவாகவும் கீழே இறங்கும். நீலச் சாயத்தில் ஊறவைத்துக் கழுவினால் கோடுகள் தெரியும். முதல் குழியின் அடியில், பாக்டீரியாவின் மொத்தக் குழம்பு, ஏணிப்படி மாதிரி ஏகப்பட்ட கோடுகள். கடைசிக் குழியின் அடியில் ஒன்றே ஒன்று, தடித்த நீலக் கோடு. அதற்கு மேலும் கீழும் மங்கலாக ஒன்றிரண்டு நிழல். அந்த நிழல்தான் மிச்சமுள்ள ஐந்து சதவீதம்.

அந்தப் பெண் ஒரு நாள் மாடிப்படியில் சோர்ந்து போய் ஏறிக்கொண்டிருந்தாள். "ஏம்மா, ஜெல் சரியா வரலையா?" என்று கேட்டேன்.

"ஜெல்லெல்லாம் சூப்பரா வந்துருக்கு அங்கிள். ஒத்த பேண்டு, பளிச்சுனு இருக்கு. ஆனா புரோட்டீன் வேலை செய்யல."

அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அவசரத்தில் பாக்டீரியா தயாரிக்கும் புரதம் சில நேரம் சரியாக மடிவதில்லை. கட்டியாகத் திரண்டுவிடும். அதையும் கரைத்துச் சுத்தம் செய்து ஒற்றைக் கோடாக ஓட்டிவிடலாம். ஆனால் அது எதையும் பிடிக்காது, எதையும் விடாது. தூய்மை என்ற எண், கூட வேறென்ன இல்லை என்று மட்டுமே சொல்கிறது. இருப்பது உருப்படியானதா என்று சொல்வதில்லை.

சரியாக மடிந்தாலும் ஒரு குறை இருக்கும். நாம் பயந்தால், ஓடினால், கோபப்பட்டால் அட்ரினலின் பாய்கிறது. அப்போது இதயத் தசைப் புரதங்கள் சிலவற்றின் மேல் பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது. இதயம் வேகமாகத் தளர்ந்து, வேகமாகச் சுருங்குவதற்கு அது உதவுகிறது. பாக்டீரியாவில் விளைந்த புரதத்தில் அந்த ஒட்டு இருக்காது. அதற்கு எப்போதும் பயம் வந்ததில்லை. வேண்டுமானால் தனியாக ஒரு நொதியைச் சேர்த்து ஒட்டவைக்கலாம், அவ்வளவுதான். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் டிரோபோனினுக்குச் சான்றளித்த அளவுப்பொருள் ஒன்றைத் தயாரித்தபோது, பாக்டீரியாவை விட்டுவிட்டு மனித இதயத் திசுவிலிருந்துதான் எடுத்தது. உடம்பில் இருந்தபடியே, டிரோபோனினின் மூன்று கூறுகளும் கூட்டாகச் சேர்ந்திருக்கும் நிலையில் அது கிடைத்தது. மிகச் சுத்தமானதை விட்டுவிட்டு, கூட்டத்தோடு இருப்பதைத் தேடிப் போனார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இவ்வளவு சுத்தமான பொருளைத் தரும் பாக்டீரியா எங்கிருந்து வந்தது? ஈ. கோலி நம் குடலில் வாழ்வது. மரபணுத் துண்டுகளைப் பெருக்க ஆய்வகங்கள் இன்றும் நம்பியிருக்கும் கே-12 என்ற வம்சம் 1922இல் கலிஃபோர்னியாவில், தொண்டை அடைப்பான் நோயிலிருந்து தேறிவந்த ஒருவரின் மலத்திலிருந்து எடுக்கப்பட்டது. புரதம் விளைவிக்கப் பெரும்பாலும் பயன்படுவது அதன் பங்காளி வம்சமான பி. நம்முடைய ஆசாரக் கணக்கில் இதைவிடத் தாழ்ந்த பிறப்பிடம் இருக்க முடியாது. உலகத்திலேயே தூய்மையான மனித இதயப் புரதத்தின் தாய்வீடு அதுதான்.

தூய்மையே வீண் என்று சொல்ல வரவில்லை. அதற்கு நியாயமான இடம் உண்டு. அதை ஹடப்சரை விட நன்றாக அறிந்த ஊர் குறைவு. புனேயின் பூனாவாலா குடும்பத்துக்குப் பந்தயக் குதிரைப் பண்ணை இருந்தது. ஓடி ஓய்ந்த குதிரைகள் பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்துக்குப் போயின. அங்கே அவற்றின் உடம்பில் ரண ஜன்னி நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றி, எதிர்ப்பு உருவான பிறகு ரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்து மருந்தாக்கினார்கள். குதிரை நம்முடையது, மருந்தை நாமே செய்தால் என்ன என்று சைரஸ் பூனாவாலா யோசித்ததில் 1966இல் பிறந்ததுதான் சீரம் இன்ஸ்டிட்யூட். 2021 ஜனவரியில் கோவிஷீல்ட் கொரோனா தடுப்பூசிப் பெட்டிகளை ஏற்றிய லாரிகள் அதிகாலையில் கிளம்பியதும் இங்கிருந்துதான்.

குதிரைச் சீரம் உயிரைக் காத்தது, வதைக்கவும் செய்தது. மருந்தோடு குதிரையின் மற்றப் புரதங்களும் உள்ளே போனதால் சிலருக்கு ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி வந்தது. 1905இல் வியன்னாவின் பிர்கேயும் ஷிக்கும் அதை விவரமாக எழுதினார்கள். சீரம் நோய் என்றே அதற்குப் பெயர். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் முதலில், 1980களின் தொடக்கத்தில், நோய்க்கிருமியைச் சுமந்தவர்களின் ரத்தத்திலிருந்துதான் தயாரானது. பிறகு அதே புரதத்தை ஈஸ்ட்டில் விளைவிக்கத் தொடங்கினார்கள். ரத்தமே தேவையில்லாமல் போயிற்று. குதிரையில் தொடங்கிய ஹடப்சர் நிறுவனமும் ஈஸ்ட்டில் விளைந்த ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தயாரிக்கிறது. இங்கே தூய்மை என்பது இன்னொருவருக்கு ஊசி குத்துமுன் எடுத்துக்கொள்ளும் அக்கறை. அதற்கு அளவு உண்டு, நோக்கம் உண்டு, காலாவதித் தேதியும் உண்டு. பிறப்பை வைத்துத் தூய்மை பேசுகிறவர்களிடம் இந்த மூன்றுமே கிடையாது.

இனி, மதுரையோடு தொடர்புள்ள ஓர் ஆராய்ச்சிக்கு வருகிறேன். இதயத் தசையில் மயோசின் பைண்டிங் புரோட்டீன்-சி என்று ஒரு நீளமான புரதம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் அடையாளம் கண்டார்கள். பதினொரு கண்ணிகள் கோத்த சங்கிலி. ஒரு முனை தசையின் தடித்த இழையில் ஊன்றி நிற்க, மறுமுனை தசை சுருங்கும் வேகத்தைத் திருத்தும். ஊன்றும் முனை சரியாக இல்லாவிட்டால் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. முழுசாகச் செய்வது கடினமாகும் அளவு பெரியது என்பதால் பாக்டீரியாவில் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் விளைவிப்பார்கள்.

2003இல் இதயத் தசை தடித்துப் போகும் நோயுள்ள இந்தியக் குடும்பங்களில், இந்தப் புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது முதலில் தெரியவந்தது. இருபதாயிரம் எழுத்துக்கு மேல் நீளமுள்ள மரபணுவில் 25 எழுத்து. ஏதோ ஒன்றிரண்டு குடும்பத்தின் விவகாரம் என்று அது நின்றுபோயிருக்கலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்த பெருந்துறை தண்டபாணி, அமெரிக்காவில் இந்தப் புரதத்தையே ஆராய்ந்துகொண்டிருந்த சக்திவேல் சடையப்பன், ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தின் குமாரசாமி தங்கராஜ் ஆகியோரும் இன்னும் பலரும் சேர்ந்து அதை விடாமல் துரத்தினார்கள். 800 இதய நோயாளிகளையும் நோயில்லாத 699 பேரையும் ஒப்பிட்டார்கள். பிறகு நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட மக்கள் குழுக்களில், ஆறாயிரம் பேருக்கு மேல் சோதித்தார்கள். 2009இல் நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் முடிவு வெளிவந்தது. இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பேரிடம் இந்த விடுபடல் இருக்கிறது. இருப்பவர்களுக்கு இதயம் தளர்ந்துபோகும் வாய்ப்பு சுமார் ஏழு மடங்கு.

நூற்றுக்கு நான்கு என்றால் இருபத்தைந்தில் ஒருவர். ஹடப்சரிலிருந்து ஸ்வார்கேட் போகும் நகரப் பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்தால் சராசரியாக இரண்டு பேர். அவர்கள் எல்லாருக்கும் நோய் வந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. பலர் ஒன்றும் தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். இதை உடையவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கிறது, இதயம் இளமையிலேயே மிகையாகச் சுருங்குவதற்கு அது காரணமாகலாம் என்று 2018இல் வந்த ஆய்வு சொல்கிறது. நோய் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் நடுவயதுக்கு மேல்தான் வெளிப்படும். அதற்குள் பிள்ளைகள் பிறந்திருப்பார்கள். எழுத்துப் பிழை அவர்களுக்கும் கைமாறியிருக்கலாம். இவ்வளவு காலம் அது அழியாமல் இருப்பதன் சூட்சுமம் அதுதான்.

இந்த 25 எழுத்து விடுபட்டிருக்கும் இடத்தைப் பற்றி முதன்முதலில் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நம் மரபணுவில் புரதத்துக்கான செய்தி தொடர்ச்சியாக இருப்பதில்லை. நடுநடுவே புரதமாக மாறாத நீண்ட பகுதிகள் வரும், இன்ட்ரான் என்பார்கள். செல் அவற்றை வெட்டி நீக்கிவிட்டு மிச்சத்தை ஒட்டித்தான் புரதம் செய்கிறது. பாக்டீரியாவுக்கு இந்த வெட்டி ஒட்டும் வித்தை தெரியாது. அதனால் அதன் கையில் கொடுக்கும் முன், அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி, இன்ட்ரான் ஒன்றுகூட இல்லாத நகலைத்தான் கொடுக்கிறார்கள். மதுரைக் குழு பின்தொடர்ந்த 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது 32ஆவது இன்ட்ரானில்! அந்த எழுத்துகள் இல்லாததால் செல் வெட்டும்போது தடுமாறி, பக்கத்திலுள்ள நல்ல பகுதியையும் சேர்த்து வெட்டிவிடுகிறது. புரதத்தின் ஊன்று முனை உருக்குலைகிறது.

ஆகவே, குப்பிக்குள் இருக்கும் புரதத்தை எத்தனை முறை ஜெல்லில் ஓட்டினாலும் இந்தக் குறை தட்டுப்படாது. சுத்தம் செய்யும் முதல் படியிலேயே, பிழை குடியிருந்த பகுதியை வேண்டாதது என்று நீக்கியாயிற்று. குறையை முதலில் காட்டியது நோய்ப்பட்ட குடும்பங்கள். இளம் வயதில் மூச்சு வாங்கியவர்கள், திடீரென்று சுருண்டு விழுந்தவர்கள், ரத்தம் கொடுக்கச் சம்மதித்த அவர்களுடைய அண்ணன் தம்பி, அத்தை மாமன்கள். கேள்வி அவர்களிடமிருந்து வந்தது. அதன் பிறகுதான் ஆய்வகத்தில், உருக்குலைந்த முனையோடு அதே புரதத்தை வேண்டுமென்றே தயாரித்து, எலியின் இதயச் செல்களில் விட்டுப் பார்த்தார்கள். தசையின் ஒழுங்கு குலைவது கண்ணுக்குத் தெரிந்தது. செயற்கைப் புரதம் மிக நேர்மையான சாட்சி. ஆனால் கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும்.

சீட்டில் மனிதர் என்று போட்டிருக்கிறதே, எந்த மனிதர்? உலகமே ஒப்பிட்டுப் பார்க்கும் மனித மரபணு வரைபடத்தின் முதல் வடிவத்துக்கு, 1997இல் அமெரிக்காவின் பஃபலோ நகரப் பத்திரிகையில் விளம்பரம் செய்து ரத்தம் சேகரித்தார்கள். வரைபடத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் பெயர் வெளியிடாத ஒரே ஆளிடமிருந்து வந்தது. அது தவறென்று சொல்ல மாட்டேன், எங்கோ தொடங்கத்தானே வேண்டும். ஆனால் பஃபலோக்காரரின் வரைபடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், துணைக்கண்டத்தில் கோடிக்கணக்கானவர்கள் சுமக்கும் 25 எழுத்து இழப்பு எப்படித் தெரியும்? மாதிரி மனிதர் என்று ஒருவர் பிறந்ததில்லை. எல்லாரும் ஏதாவது ஒரு விதத்தில் திருத்தப்பட்ட பதிப்புதான்.

இந்த விடுபடல் எந்தச் சாதியில் என்று கேட்கத் தோன்றும். என்னிடமே ஒருவர் கேட்டார், ஆர்வத்தோடு. பதில் அவருக்கு உவப்பாக இல்லை. சாதி கடந்து, மதம் கடந்து, திராவிட மொழி பேசுகிறவர், இந்தோ-ஆரிய மொழி பேசுகிறவர் என்ற பேதம் இல்லாமல் இருக்கிறது. இது தோன்றி முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். நம் சாதிகளுக்கு அவ்வளவு வயதில்லை. தங்கராஜும் மரபியலாளர் லால்ஜி சிங்கும் ஹார்வர்டுக்காரர்களும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்திய மக்கள் குழுக்கள் தங்களுக்குள் தாராளமாகக் கலந்திருக்கிறார்கள். அதன் பிறகுதான் கதவுகள் சாத்தப்பட்டன. கலப்பில்லாத ரத்தம் என்று யாராவது மார்தட்டினால், தட்டும் கைக்குக் கீழே துடிப்பது ஆயிரக்கணக்கான ஆண்டுக் கலப்பு.

கதவைச் சாத்தியதற்கும் விலை இருக்கிறது. மரபணுவின் ஒரு பிரதியில் இந்த விடுபடல் இருந்தால் இன்னொரு பிரதி ஓரளவு ஈடுகொடுக்கும். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் அதே இழப்பு வந்து சேர்ந்தால் நிலைமை மோசம். நோய் சிறு வயதிலேயே கடுமையாக வரலாம். உறவுக்குள்ளேயே, குலத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்தால், ஒரே பிழை இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு கூடும். இதயத்துக்கு மட்டுமல்ல, ஒரு பிரதி கெட்டால் வெளியே தெரியாத எல்லாக் குறைகளுக்கும் இதே கணக்குதான். 2017இல் வந்த இன்னொரு ஆய்வில், தெற்காசியாவின் 263 குழுக்களில் 81 குழுக்களின் மரபு வட்டம், மரபுநோய்களுக்குப் பேர்போன ஃபின்லாந்து மக்களுடையதையும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களுடையதையும் விடக் குறுகியிருந்தது. அறுவைச் சிகிச்சை மயக்கத்தில் கொடுக்கும் ஒரு தசை தளர்த்தி மருந்து சில சமூகத்தவரில் அதிகம் பேருக்கு நெடுநேரம் தெளியாமல் இருப்பது நம் மயக்க மருந்து டாக்டர்கள் பலரும் அறிந்த விஷயம். காரணம் இந்தக் குறுகிய மரபு வட்டம்தான். மாமன் மகள், அக்காள் மகள் என்று உரிமை பேசும் நம் தமிழ் வீடுகளில் இதை எடுத்துச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். புனேயில் பிறந்து, மராத்தியில் சண்டை போட்டு, தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்குக்கூட வரன் தேடும்போது உட்பிரிவு வரை கேட்கிறார்கள். அரிசி, காபிப்பொடி எல்லாவற்றிலும் சமரசம் செய்துகொண்டாயிற்று. உட்பிரிவில் மட்டும் முடியாதாம்.

ஹடப்சருக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய சரித்திரம் உண்டு. அதை இங்கே வசிக்கிற பலருக்கே தெரியாது. 1868இல் புனேயில் மகாத்மா ஜோதிராவ் ஃபுலே தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டார். அவரும் மனைவி சாவித்திரிபாயும் பிராமண விதவை ஒருவருக்குப் பிறந்த குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். ஊர் குப்பையில் போடச் சொல்லும் பிறப்பு அது. அந்தக் குழந்தை யஷ்வந்த் வளர்ந்து டாக்டரானார். 1897இல் புனேயில் பிளேக் பரவியபோது, ஊருக்கு வெளியே ஹடப்சரின் சசானே மளா என்ற தோட்டத்தில் யஷ்வந்த் சிகிச்சை முகாம் நடத்தினார். பக்கத்து முண்டுவாவில், ஒதுக்கப்பட்ட மகார்களின் குடியிருப்பில் காய்ச்சலில் கிடந்த ஒரு சிறுவனைத் தம் முதுகில் சுமந்துகொண்டு சாவித்திரிபாய் அந்த முகாமுக்கு வந்தார். அவருக்கும் பிளேக் தொற்றியது. மார்ச் 10 அன்று இறந்தார். அப்போது அவருக்கு வயது 66.

கிருமிக்குச் சாதி தெரியாது என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். சாவித்திரிபாய்க்கும் அது தெரியும், கிருமி தொற்றும் என்பதும் தெரிந்திருக்கும். தொற்றிலிருந்து காத்துக்கொள்ளும் சுத்தம் ஒன்று, தொடுவதிலிருந்து விலக்கிவைக்கும் சுத்தம் வேறொன்று. முதலாவதை மருத்துவத்துக்கு விட்டுவிட்டு, இரண்டாவதை முதுகில் ஒரு பிள்ளையைத் தூக்கி உடைத்தவர் அவர். அவர் நடந்துவந்த முண்டுவாச் சாலையில் இப்போது அடுக்குமாடிகள். அவற்றில் சிலவற்றில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், இன்றும் முதலில் கேட்பது நீங்கள் சாப்பிடுவது என்ன, நீங்கள் என்ன ஆட்கள் என்பதைத்தான்.

95 சதவீதம் என்று எழுதும் ஆய்வகத்துக்குத் தன் தூய்மையின் எல்லை தெரியும். அது குப்பிக்குள் மட்டும், மைனஸ் 80 டிகிரியில் மட்டும், ஒரு வேலைக்காக மட்டும். வெளியே எடுத்து உருக்கி மறுபடி உறையவைத்தால் அதுவும் கெடும். துடிக்கும் இதயத்தில் அப்படிப்பட்ட தூய்மை ஒருநாளும் இருந்ததில்லை, இருக்கவும் முடியாது. அங்கே ஆயிரம் புரதங்கள் நெருக்கியடித்துக்கொண்டு, முப்பதாயிரம் ஆண்டுப் பிழைகளோடு, பயத்தின் பாஸ்பேட்டும் கோபத்தின் பாஸ்பேட்டும் ஒட்டியபடி வேலை செய்கின்றன. உயிரோடு இருப்பதற்கு அந்தக் கலப்புதான் நிபந்தனை.

வரன் பார்க்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். ஜாதகத்தைக் கேட்கிற அதே வாயால், உங்கள் வீட்டில் யாராவது ஐம்பது வயதுக்குள் திடீரென்று இறந்தார்களா, இளம் வயதில் மூச்சு வாங்கி இதயம் வீங்கியவர்கள் உண்டா என்றும் கேளுங்கள். இருந்தால், கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஓர் இதய டாக்டரைப் பார்த்து எக்கோ எனும் இதய ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி குத்த மாட்டார்கள், வலிக்காது, சாதாரணமாக அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். மரபணுச் சோதனை தேவையா என்பதை டாக்டர் சொல்வார். மாப்பிள்ளையும் பெண்ணும் என்ன ஆட்கள் என்பதை எக்கோவின் திரை காட்டாது, இதயத்தின் சுவர் எத்தனை மில்லிமீட்டர் என்பதைக் காட்டும்.